இத்தாமார்: பேரீச்சந்தீவு என்னும் பெயர்

இத்தாமார் என்பது எபிரேய ஆண்பெயர். வேதாகமத்தின் யாத்திராகமம் 6:23இல், மோசேயின் அண்ணனும் முதல் பிரதான ஆசாரியருமான ஆரோனுடைய பிள்ளைகளின் வரிசையில் கடைசியாக நிற்கிறது: நாதாப், அபியூ, எலெயாசார், இத்தாமார். இந்த நால்வரில் எலெயாசார் நம்மிடையே நன்றாக வேரூன்றிவிட்டார். எலியாசர் என்று பெயர் வைத்த குடும்பங்கள் ஏராளம். லாசரு என்பதும் அதே பெயரின் கிரேக்க வழி வந்த சுருக்கமே. அவருடைய தம்பியின் பெயரை மட்டும் தமிழ்க் கிறித்தவர்கள் ஏனோ அவ்வளவாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓசையும் பொருளும் நன்றாக அமைந்த பெயர் இது, எடுத்துக்கொண்டிருக்கலாம் என்பது என் எண்ணம்.

பெயரை 'ஈ', 'தாமார்' என்று இரண்டாகப் பிரிப்பார்கள். தாமார் என்றால் பேரீச்சை. அதில் யாருக்கும் ஐயமில்லை. யூதாவின் மருமகளுக்கும் தாவீதின் மகளுக்கும் இதே சொல்தான் பெயர். முதற்பகுதியான 'ஈ' தீவையும் கடலோர நாட்டையும் குறிக்கும். "அவருடைய வேதத்துக்குத் தீவுகள் காத்திருக்கும்" என்று ஏசாயா 42:4இல் நாம் வாசிப்பது இந்தச் சொல்லின் பன்மையைத்தான். இரண்டையும் சேர்த்தால் பேரீச்சந்தீவு, அல்லது பேரீச்சை நிற்கும் கரை.

இன்னொரு பிரிப்பும் உண்டு. எபிரேயத்தில் 'ஈ' சில இடங்களில் 'இல்லை' என்ற பொருளும் தரும். ஏலியின் பேரனுக்கு இக்கபோத் என்று பெயரிட்டார்களே, 'மகிமை இல்லை' என்று, அதில் வருவது அந்த 'ஈ'. அதைக் கொண்டு 'பேரீச்சை இல்லாதவன்' என்று வலிந்து பொருள் சொல்லலாம். ஆனால் இக்கபோத் என்பது போர்க்களச் சாவுச் செய்தி கேட்டுப் பிரசவித்த தாய் துயரத்தில் இட்ட பெயர். ஆரோன் வீட்டில் அப்படியொரு சூழல் சொல்லப்படவில்லை. பெயர் நூல்களும் பெரும்பாலும் தீவு என்ற பொருளையே தருகின்றன. அதுவே எனக்கும் சரியாகப் படுகிறது. இணையத்தில் சிலர் 'பாலைவனச் சோலை' என்று எழுதுகிறார்கள். அழகான கற்பனைதான், ஆனால் 'ஈ' என்பது கடலை ஒட்டிய சொல்.

தாமாருக்கு அரபியில் உறவுச்சொல் 'தம்ர்'. அரபு வணிகர்கள் நம் பக்கத்துப் புளியைப் பார்த்து அதற்கு 'தம்ர் ஹிந்தி', அதாவது இந்தியப் பேரீச்சை என்று பெயர் வைத்தார்கள். கொட்டை எடுத்து அமுக்கிய புதுப்புளி உருண்டையையும் அழுத்திக் கட்டிய பேரீச்சம்பழத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்; அதே பழுப்பு, அதே பிசுபிசுப்பு, அதே நார். அந்த அரபுப் பெயர்தான் ஐரோப்பா போய் டாமரிண்ட் ஆனது. ஆக, நாம் தினமும் ரசத்துக்குக் கரைக்கிற புளியின் ஆங்கிலப் பெயரும் இத்தாமார் என்ற பெயரின் பின்பாதியும் ஒரே குடும்பத்துச் சொற்கள்.

எழுத்து முறையிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. இன்றைய எபிரேயத்தில் இந்தத் தகரத்தின் ஒலி வல்லோசை. தமிழில் ஒற்றைத் தகரம் இட்டு 'இதாமார்' என்று எழுதினால் உயிர்களுக்கு நடுவே அது மெலிந்து 'இதம்' என்பதில் வருவதுபோல் ஒலிக்கும். வேதாகமத்தை மொழிபெயர்த்தவர்கள் தகரத்தை இரட்டித்து இத்தாமார் என்று எழுதியது அதனால் பொருத்தமாக இருக்கிறது. இப்போது சிலர் ஆங்கில எழுத்தைப் பார்த்து 'இடாமர்' என்று எழுதுகிறார்கள். அது வேண்டாம். நல்ல தமிழ் வடிவம் ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது.

பெயருக்கு உரியவர் பெரிதாகப் பேசப்படாதவர். நாதாபும் அபியூவும் கர்த்தர் கட்டளையிடாத அந்நிய அக்கினியைக் கொண்டுவந்து மாண்டபின் ஆசாரியப் பணி மிச்சமிருந்த இரு தம்பியர்மேல் விழுந்தது. எலெயாசார் பிரதான ஆசாரியர் ஆனார். இத்தாமாருக்குக் கிடைத்தது கணக்கு. இஸ்ரவேலர் பாலைவனத்தில் வழிபட்ட ஆசரிப்புக் கூடாரத்துக்குச் செலவான பொருள்களை, ஆசாரியருக்குத் துணைநின்ற லேவி கோத்திரத்தாரைக் கொண்டு எண்ணி எழுதியது அவர் பொறுப்பில்தான். பொன் அந்நாளைய எடையில் 29 தாலந்தும் 730 சேக்கலும் என்று இன்றும் யாத்திராகமம் 38இல் வாசிக்கிறோம். பாளயம், அதாவது முகாம், நகரும்போது கூடாரத்தின் திரைகளைச் சுமந்த லேவியரான கெர்சோன் புத்திரரும், பலகைகளையும் தூண்களையும் சுமந்த மெராரி புத்திரரும் அவருடைய மேற்பார்வையில் நடந்தார்கள். தாவீதின் காலத்தில் எலெயாசாரின் வழியில் 16 ஆசாரியத் தலைவர்கள், இத்தாமாரின் வழியில் 8 பேர். சாமுவேலை வளர்த்த ஏலி இத்தாமாரின் வம்சம். அந்த வழியில் வந்த அபியத்தாரை சாலொமோன் ஆனதோத்துக்கு அனுப்பியதோடு பிரதான ஆசாரியத்துவம் அந்தக் கிளையை விட்டுப் போனது. ஆனாலும் வம்சம் அழியவில்லை. பாபிலோனிலிருந்து எஸ்றாவோடு திரும்பியவர்களில் 'இத்தாமாரின் புத்திரரில் தானியேல்' இருக்கிறார். ஆரோனின் மகனைத் தவிர இந்தப் பெயருடைய வேறொருவர் வேதாகமம் முழுவதிலும் இல்லை.

ஐரோப்பாவில் இது எப்போதும் அரிய பெயர்தான். அப்படியிருந்தும் இங்கிலாந்துத் திருச்சபை வரலாற்றின் ஒரு திருப்பத்தில் இந்தப் பெயர் வந்து நிற்கிறது. 644இல் ரோச்செஸ்டருக்கு ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்ட கெண்ட் நாட்டுக்காரர் ஒருவர் இத்தாமார் என்ற பெயரைத் தாங்கினார். அந்த மண்ணிலேயே பிறந்த ஆங்கிலேயர் ஒருவர் ஆயரானது அதுவே முதல்முறை. அதுவரை ரோமிலிருந்து வந்தவர்களே அந்த இருக்கைகளில் இருந்தார்கள். 655இல் கேன்டர்பரிக்கு முதல் உள்ளூர்ப் பேராயரைத் திருநிலைப்படுத்தியதும் அவரே. பின்னாளில் அமெரிக்கச் சீர்திருத்தக் கிறித்தவர்களிடம் பழைய ஏற்பாட்டுப் பெயர்கள் பெருகியபோது இதுவும் ஆங்காங்கே தலைகாட்டியது, பிறகு மறைந்தது.

மறுவாழ்வு கிடைத்தது எருசலேமில். எலியேசர் பென் யெகூதா என்பவர் 1881இல் அங்கே குடியேறினார். வழிபாட்டிலும் எழுத்திலும் மட்டும் இருந்த எபிரேயத்தை வீட்டுப் பேச்சாக்க வேண்டும் என்பது அவருடைய உறுதி. 1882இல் பிறந்த மகனின் காதில் எபிரேயம் தவிர வேறு மொழி விழக்கூடாது என்று தடுத்தார். பையன் நெடுநாள் பேசாமலே இருந்தான். விளையாட வரும் பிள்ளைகளுக்கும் அந்த மொழி தெரியாது. ஒருநாள் தாய் ருஷ்ய மொழியில் தாலாட்டுப் பாடியதைக் கேட்டுத் தந்தை கொதித்துப்போனதாகச் சொல்வார்கள். நவீன காலத்தில் எபிரேயத்தைத் தாய்மொழியாகக் கற்ற முதல் குழந்தை என்று எல்லாரும் குறிப்பிடுவது இந்தப் பையனைத்தான். பெற்றோர் இட்ட பெயர் பென் சியோன். வளர்ந்து பத்திரிகையாளரானபோது அவர் தேர்ந்துகொண்ட பெயர் இத்தாமார் பென் அவி. அவி என்பது 'என் தந்தை'. தந்தையின் பெயர் முதலெழுத்துகளைச் சேர்த்தாலும் அதுவே வரும். அவ்வளவு கெடுபிடியில் வளர்த்த தந்தையைத் தன் பெயரிலேயே ஏந்திக்கொண்டது மனத்தைத் தொடுகிறது. காருக்கு இன்று இஸ்ரேலில் வழங்கும் 'மெகோனித்' என்ற சொல்லை ஆக்கியவர் இவர் என்பார்கள்.

இன்றைய இஸ்ரேலில் இத்தாமார் எங்கும் கேட்கிற பெயர். அதற்கு வெளியே யூதக் குடும்பங்களைத் தாண்டினால் பிரேசிலில்தான் இது பழக்கம். 1992 முதல் 1995 தொடக்கம்வரை அந்நாட்டின் அதிபராக இருந்த இத்தாமார் ஃபிராங்கோ 1930இல் கடலில் கப்பலில் பிறந்தவர். அங்கே அந்தப் பெயர் வேறொரு விதமாகவும் காதில் விழும்: பிரேசில் பூர்வகுடிகளின் துப்பி மொழியில் 'இதா' என்றால் கல், போர்த்துக்கீசியத்தில் 'மார்' என்றால் கடல்.

இனி நம் சொல். தமிழ் வேதாகமம் தாமாரை இரண்டு விதமாகத் தந்திருக்கிறது. இஸ்ரவேலர் பாலைவன வழியில் தங்கிய ஏலிமில் இருந்தவை எழுபது பேரீச்சமரம். ஆனால் சங்கீதம் 92:12இல் "நீதிமான் பனையைப்போல் செழித்து" என்று வருகிறது. மூலத்தில் இரண்டிடத்திலும் தாமார்தான். பனை நம் மண்ணின் மரம் என்பதால் அந்த வசனம் நம் நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. மொழிபெயர்ப்பாக அது நன்று, ஆனால் பெயருக்குப் பொருள் சொல்லும்போது பனைத்தீவு என்று சொல்லிவிடக் கூடாது. பேரீச்சையின் நெருங்கிய உறவான ஈந்து நம்மிடம் பழங்காலம் முதல் உண்டு. வேட்டுவரான எயினரின் குடிசையைச் சங்க நூலான பெரும்பாணாற்றுப்படை "ஈத்திலை வேய்ந்த எய்ப்புறக் குரம்பை" என்கிறது: ஈந்தின் ஓலை வேய்ந்து, முள்ளம்பன்றியின் முதுகுபோல் சிலிர்த்து நிற்கும் குடிசை. ஈத்து, இத்தாமார் என்ற ஓசை ஒப்பைக் கண்டு இரண்டும் ஒன்று என்று சொல்லப் புறப்படுபவர்கள் உண்டு. அதற்குச் சான்று கிடையாது. சாலொமோனின் கப்பல்கள் கொண்டுவந்த மயிலுக்கு எபிரேயத்தில் வரும் 'துக்கி' நம் தோகையிலிருந்து போனது என்பதைப் பல மொழியியலாளர்கள் ஏற்கிறார்கள். அந்த உறவின் மதிப்பைக் காப்பாற்ற வேண்டுமானால் இல்லாத உறவுகளைக் கூட்டக் கூடாது.

பொருளுக்கு நேரான தமிழ் ஈச்சந்தீவு. இதைப் புதிதாக ஆக்கவும் வேண்டாம். கிழக்கிலங்கையில் கிண்ணியாப் பக்கத்தில் ஈச்சந்தீவு என்றே ஓர் ஊர் இருக்கிறது; மட்டக்களப்பின் படுவான்கரையில் இன்னொன்று இருக்கிறது. மரத்தை நுணுக்கமாகச் சுட்ட விரும்பினால் பேரீச்சந்தீவு எனலாம். பிள்ளைக்கு இடுகிற பெயராகத் தமிழ் வடிவமே வேண்டும் என்பவர்களுக்கு 'ஈந்தன்' பொருந்தும். ஈதல் என்னும் கொடைப்பொருளும் அதில் கூடவே கேட்கும். எபிரேயப் பெயரையே இடுவதென்றால் பிறப்புச் சான்றிதழில் இத்தாமார் என்று, இரண்டு தகரத்தோடு எழுதுங்கள்.