ஹிஸ்டோன்: தறியில் நிற்கும் ஒரு சொல்

உயிர்வேதியியல் சோதனைக்கூடத்துக் குளிர்பெட்டியில் சுண்டுவிரல் அளவுகூட இல்லாத ஒரு குப்பி. சீட்டில் ‘ரீகாம்பினன்ட் ஹியூமன் ஹிஸ்டோன் ஹெச்3.1’ என்று இருக்கும். உள்ளே, அடியில் ஒட்டிக்கொண்டு கொஞ்சம் வெள்ளைத் தூள். இந்தப் பெயரைத் தமிழில் எழுதச் சொன்னால் பலரும் ‘ஹிஸ்டோன்’ என்ற இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். ஹிஸ்டோன் என்பது செல்லின் உட்கருவில் டி.என்.ஏ. இழை சுற்றிக்கொள்ளும் புரதம்.

1884-ல் ஜெர்மானிய வேதியியலாளர் ஆல்பிரெக்ட் கோசல் பெருவாத்தின் இரத்தத்திலிருந்து இதைப் பிரித்தார். நம் சிவப்பணுவில் உட்கரு கிடையாது, பறவையின் சிவப்பணுவில் உண்டு. அந்த உட்கருவை நீர்த்த அமிலத்தில் போட்டபோது கரைந்து வந்த புரதத்துக்கு ‘ஹிஸ்டோன்’ என்று பெயர் வைத்தார். கட்டுரைத் தலைப்பில் ‘பெப்டோன் (புரதம் செரிக்கும்போது கிடைக்கும் துண்டு) போன்ற பொருள்’ என்றே குறித்திருந்தார். ‘ஓன்’ என்ற வால் அங்கிருந்து வந்திருக்கலாம். தலைப்பகுதிக்கு அகராதிகள் ‘ஒருவேளை’ போட்டு இரண்டு கிரேக்க வேர்களைக் காட்டுகின்றன: ‘நிற்கச் செய்’ என்னும் வினை ஒன்று, ‘ஹிஸ்டோஸ்’ என்னும் பெயர் மற்றொன்று. பின்னது முதலில் நிமிர்ந்து நிற்கும் மரம், அதாவது பாய்மரம். பிறகு நெசவுத் தறி, அதில் நெய்த துணி. திசுவியலுக்கு ஆங்கிலத்தில் உள்ள ‘ஹிஸ்டாலஜி’யும் இதன் வழி வந்ததுதான்.

இங்கே தமிழ் காதில் ஒரு மணி அடிக்க வேண்டும். யானையைக் கட்டும் கட்டுத்தறி நட்ட மரம். காஞ்சிபுரத்துத் தறி நெய்யும் கருவி. நமக்கும் இரண்டுக்கும் ஒரே சொல்! நட்ட கம்பத்தில்தானே பாவு கட்டினார்கள்.

அதற்காக ‘தறிப்புரதம்’ என்று ஆக்கிவிடலாமா? எனக்கு ஆசைதான், ஆனால் வேரே உறுதியில்லாதபோது அதை மொழிபெயர்ப்பது மணலில் கால் நடுவது. ஒரு மொழிபெயர்ப்பில் ‘திசுப்புரதம்’ என்று பார்த்தேன். அது இன்னும் மோசம். இந்தப் புரதம் இருப்பது செல்லின் உட்கருவில், டி.என்.ஏ.வோடு. ஹெச்2ஏ, ஹெச்2பி, ஹெச்3, ஹெச்4 ஆகிய நான்கு ஹிஸ்டோன் வகைகளும் இரண்டிரண்டாகக் கூடி எட்டுப் புரத உருண்டையாகின்றன. அதன்மேல் டி.என்.ஏ. இழை 147 கார இணைகள் நீளத்துக்கு ஏறக்குறைய ஒன்றேமுக்கால் சுற்று சுற்றிக்கொள்கிறது, தார்க்குச்சியில் நூல் ஏறுவதுபோல. டி.என்.ஏ. எதிர்மின்னேற்றம் கொண்டது, ஹிஸ்டோனில் லைசின், அர்ஜினின் என்ற அமினோ அமிலங்கள் மிகுந்து நேர்மின்னேற்றம். அதனால் பிடி விடாது. ஆகவே ஹிஸ்டோனை ஹிஸ்டோன் என்றே எழுதுவோம். கிரந்தம் வேண்டாதவர் ‘இசுட்டோன்’ என்று எழுதட்டும், சண்டையில்லை.

உண்மையான சிக்கல் முன்னால் நிற்கும் இரண்டு அடைகளில். ‘ரீகாம்பினன்ட்’ என்பதற்கு மறுசேர்க்கை, மீள்சேர்க்கை, மறுகூட்டிணைவு மூன்றும் வழங்குகின்றன. நான் மறுசேர்க்கை என்கிறேன்; சொல்ல எளிது. ஆனால் எது சேர்ந்தது? புரதம் அல்ல, மரபணு. மனித ஹிஸ்டோனுக்கான மரபணுவை வட்ட டி.என்.ஏ. ஒன்றில் ஒட்டி ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் செலுத்துகிறார்கள்; புரதத்தைத் தயாரிப்பது பாக்டீரியா. ‘மனித’ என்றால் மனித உடலிலிருந்து எடுத்தது என்று பொருளில்லை. சர்க்கரை நோயாளிகள் போட்டுக்கொள்ளும் ‘மனித இன்சுலின்’ யாருடைய கணையத்திலிருந்தும் வரவில்லையே, அதே கதைதான். ஆகவே விரித்துச் சொன்னால் ‘மறுசேர்க்கை மரபணுவழி மனித ஹிஸ்டோன்’. சீட்டில் இடம் இல்லையென்றால் ‘மறுசேர்க்கை மனித ஹிஸ்டோன்’. (ஹெச்4 விஷயத்தில் ‘மனித’ என்ற அடைக்குப் பெரிய கனம் இல்லை. பட்டாணிச் செடிக்கும் மாட்டுக்குமே 102 அமினோ அமிலங்களில் வேறுபாடு இரண்டுதான்.)

கன்றின் தைமஸ் சுரப்பியிலிருந்தே ஹிஸ்டோனை எடுக்கலாமே, பாக்டீரியா எதற்கு? விலங்குச் செல்லில், உருண்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஹிஸ்டோனின் வால்மீது அசெட்டைல், மெத்தில் என்று பல வேதிக் குறிகள் ஏறியிருக்கும். எந்த மரபணு திறக்கும், எது மூடும் என்பதில் அவற்றுக்குப் பங்குண்டு. எடுத்த ஹிஸ்டோனில் எல்லாக் குறிகளும் கலந்து கிடக்கும். ஈ. கோலையிலோ அந்தக் குறிகளை இடும் நொதிகள் இல்லை. அதனால் குப்பியில் வருவது சாயம் ஏறாத நூல். ஆய்வாளர் ஒரே ஒரு நொதியைச் சேர்த்து, ஒரே ஒரு சாயத்தை ஏற்றிப் பார்க்கலாம்.