மலையில் மகன், திரையில் புள்ளி

கோவையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கலிபோர்னியாவில் வேலை பார்க்கும் மகன், சியரா நெவாடா மலைத்தொடரில் சுமார் 340 கி.மீ. நீளும் ஜான் மியூர் பாதையில் தனியாக நடக்கப் போகிறானாம். “போனில்தான் ஜிபிஎஸ் இருக்கிறதே, இருப்பிடம் தெரிவிக்க இன்னொரு கருவி எதற்கு என்கிறான். நான் என்ன சொல்ல?”

வாங்கச் சொல்லுங்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் 20,200 கி.மீ. உயரத்திலிருந்து நேரத்தை ஒலிபரப்புகின்றன. போன் அதைக் கேட்டுத் தன் இடத்தைக் கணக்கிட்டுக்கொள்கிறது. அதோடு சரி. போன் என்று ஒன்று இருப்பதே அவற்றுக்குத் தெரியாது. கணக்கிட்டதை அம்மாவுக்குச் சொல்ல செல்போன் கோபுரம் வேண்டும். அந்தப் பாதையின் பெரும்பகுதியில் அது கிடையாது. சாவிக்கொத்தில் மாட்டும் ஏர்டேக் வகையறாவும் உதவாது. அருகில் யாருடைய போனாவது இருந்தால்தான் அதன் இருப்பிடம் வெளியே தெரியும். கரடிகள் போன் வைத்துக்கொள்வதில்லை.

செய்தியை வெளியே கொண்டுசேர்க்க இரண்டு வகைக் கருவிகள் உண்டு. ஒன்று, ஆபத்தில் மட்டும் அழுத்தும் பீக்கன். இதை நான் குடும்பங்களுக்குச் சிபாரிசு செய்யமாட்டேன். ஆனாலும் பேசாமல் கடக்க முடியவில்லை. பட்டனை அழுத்தினால் சுமார் 50 விநாடிக்கு ஒரு முறை, அரை விநாடி நேரம், 406 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் கூவும். அதைக் கேட்பது காஸ்பாஸ்-சார்சாட். பனிப்போர்க் காலத்திலேயே அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் கனடா, பிரான்சுடன் சேர்ந்து தொடங்கிய, செயற்கைக்கோள்கள் வழியாக ஆபத்துச் சமிக்ஞைகளைப் பிடிக்கும் அமைப்பு. பழைய பீக்கன்களில் ஜிபிஎஸ் இல்லை. தான் இருக்கும் இடம் தனக்கே தெரியாத கருவியை ஒற்றைச் செயற்கைக்கோள் எப்படிக் கண்டுபிடித்தது?

விநாடிக்கு 7 கி.மீ. வேகத்தில் நெருங்கும்போது செயற்கைக்கோளுக்கு எட்டும் அதிர்வெண் ஏறத்தாழ 9 கிலோஹெர்ட்ஸ் வரை கூடும். விலகும்போது அதே அளவு குறையும். பள்ளியில் படித்த டாப்ளர் விளைவுதான். கூடுதல் குறைவாக மாறும் அந்தக் கணத்தில் ஆள் நேர் பக்கவாட்டில் இருக்கிறார். எவ்வளவு தள்ளி? மாற்றம் எவ்வளவு சீக்கிரம் நடக்கிறது என்பதில் பதில் இருக்கிறது. நிற்காமல் போகும் ரயிலின் ஊதல் நடைமேடை விளிம்பில் நிற்பவருக்குச் சட்டென்று இறங்கும். தள்ளி வயலில் நிற்பவருக்கு நிதானமாக இறங்கும். இங்கும் அப்படியே: அதிர்வெண் மாறுவதைக் காட்டும் வளைகோடு செங்குத்தாகச் சரிந்தால் ஆள் பக்கத்தில், சாய்வாக இறங்கினால் தொலைவில்.

இடப்பக்கமா, வலப்பக்கமா? இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே வளைகோடு. இங்கே பூமியே துப்புக் கொடுக்கிறது. அது சுழல்வதால் ஒரு பக்கத்து ஆள் செயற்கைக்கோளின் பாதையை நோக்கி நகர்கிறார், மறுபக்கத்து ஆள் விலகுகிறார். வளைகோட்டில் விழும் அந்த நூலிழை வித்தியாசத்தைப் பிடித்துவிட்டால், சில கூவல்களை வைத்தே சுமார் 5 கி.மீ.க்குள் இடம் கிடைத்துவிடும்!

இதன் வேர் 1957 அக்டோபரில் இருக்கிறது. முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக்கின் ‘பீப்’ ஒலியை வெறும் ஆர்வத்தால் பதிவுசெய்த வில்லியம் கையர், ஜார்ஜ் வைஃபன்பாக் என்ற இரு இளம் இயற்பியலாளர்கள், டாப்ளர் மாற்றத்தை வைத்தே அதன் சுற்றுப்பாதையைக் கணித்தார்கள். அதையே திருப்பிப் போட்டால் பீக்கனைத் தேடும் முறை. ஆய்வு நிதி கேட்கும் நம்மூர்ப் படிவத்தில் ‘எதிர்பார்க்கப்படும் பயன்’ என்ற கட்டத்தில் அவர்கள் என்னதான் எழுதியிருப்பார்கள்?

சரி, மகனுக்கு வருவோம். பீக்கன் கூவினால் மீட்புப் படைக்குத் தெரியும். தினசரி நடையை அது அம்மாவுக்குக் காட்டாது. அவனுக்கு வேண்டியது இரண்டாம் வகை, இரிடியம் வலையமைப்பில் இயங்கும் இருவழிச் செய்திக் கருவி. சுமார் 780 கி.மீ. உயரத்தில் 66 செயற்கைக்கோள்கள் தங்களுக்குள் செய்தியைக் கைமாற்றிக்கொள்வதால் பூமியில் எங்கிருந்தும் அனுப்பலாம். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வரைபடத்தில் புள்ளி விழும்படி அமைக்கலாம். ‘கால் சுளுக்கு, நாளை தாமதம்’ என்று எழுதவும் முடியும். சந்தா கட்ட வேண்டும். ஐபோன் 14 முதல் செயற்கைக்கோள் வசதி உண்டு என்றாலும், படமெடுத்து மின்கலம் தீர்ந்த போனை நம்பி மலையேறுவதில் எனக்கு உடன்பாடில்லை.

அம்மாவுக்கு ஒன்று: புள்ளி நின்றால் உடனே ஜோசியரிடம் ஓட வேண்டாம். வானம் தெரியாத பள்ளத்தாக்கிலோ அடர்ந்த மரங்களுக்கு அடியிலோ சமிக்ஞை தடைபடும். எத்தனை மணி நேரம் மௌனமானால் யாரை அழைப்பது என்று கிளம்புமுன் இருவரும் பேசி எழுதி வையுங்கள்.

அடுத்த விடுமுறையில் இமயமலைக்கு வருவதானால் அந்தக் கருவியை அவன் அமெரிக்காவிலேயே விட்டுவர வேண்டும். உரிமம் இல்லாமல் இவற்றை இந்தியாவுக்குள் கொண்டுவருவது குற்றம். தெரியாமல் எடுத்துவந்த வெளிநாட்டு மலையேறிகள் விமான நிலையத்திலேயே பிடிபட்டிருக்கிறார்கள். பாதுகாப்புக் கவலை நியாயம்தான். ஆனால் மலையேறிகளுக்கென எளிய அனுமதி முறையாவது இருக்க வேண்டாமா? இத்தனைக்கும், பீக்கன் கூவலைக் கேட்கும் தரை நிலையங்களை இஸ்ரோ பெங்களூரிலும் லக்னோவிலும் நிறுவிப் பல ஆண்டுகள் ஆகின்றன.