பழைய ஆம்ப்ல உம்ம்னு சத்தம் வந்தா உள்ள என்ன நடக்குது?

காசிமேட்டுல எங்க வீட்டு பரண் மேல ஒரு ஜப்பான் ஸ்டீரியோ ஆம்ப், அதாவது பாட்டு சத்தத்த பெருசாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புற ஆம்ப்ளிஃபையர் கெடந்துச்சு, அப்பா எண்பதுகள்ல பர்மா பஜார்ல வாங்குனது, பத்து வருஷத்துக்கு மேல யாரும் கை வைக்கல. எறக்கி தொடச்சு வச்சுட்டு தண்டையார்பேட்டைல மைக் செட் வச்சிருந்த மாமாவுக்கு போன் போட்டேன், அவர் சொன்ன மொத வார்த்தையே "மாப்ள, நேரா கரண்ட் குடுத்துடாத, குண்டு பல்ப சீரிஸ்ல போட்டு மெதுவா எழுப்பு"ன்றதுதான். சீரிஸ்னா கரண்ட் பல்பு வழியா போயித்தான் ஆம்புக்கு போகணும். அப்படியே எழுப்புனோம், உசுரு இருந்துச்சு, பாட்டும் வந்துச்சு, ஆனா வால்யூம முழுசா கொறச்சாலும் ரெண்டு ஸ்பீக்கர்லயும் உம்ம்ம்னு ஒரே சத்தம். வால்யூம திருகினா மாறாத உம்ம்னா மொதல்ல பாக்க வேண்டியது பவர் சப்ளைல நிக்கிற பெரிய கண்டென்சரத்தான். புஸ்தகத்துல கெபாசிட்டர்னு போட்டிருக்கும், நம்ம மெக்கானிக்குங்க வாயில அது என்னிக்கும் கண்டென்சர்தான்.

அது என்ன வேல பாக்குதுன்னு புரிய நம்ம ஏரியா தண்ணி கதையே போதும். மெட்ரோ வாட்டர் எப்பவும் வராது, வர நேரத்துல மோட்டார் போட்டு மாடில சின்டெக்ஸ்ல ஏத்தி வச்சுக்குறோம், அப்புறம் எப்ப கொழாய தொறந்தாலும் ஒரே சீரா ஊத்தும். கரண்டும் அப்படித்தான், வீட்டுக்கு வர 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸ் ஏசிய, அதாவது தெச மாறி மாறி ஓடுற கரண்ட, டிரான்ஸ்ஃபார்மர் கொறச்சு குடுக்கும், டயோடுங்க அத ஒரே பக்கமா திருப்பி விடும், ஆனா அது இன்னும் செகண்டுக்கு 100 தடவ ஏறி எறங்கிட்டேதான் இருக்கும். ஒரு உச்சத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவுல 10 மில்லி செகண்ட், அந்த நேரத்துல ஆம்புக்கு தீனி போடுறது கண்டென்சர்ல சேந்து நிக்கிற சார்ஜ் மட்டும்தான். கண்டென்சர் எவ்ளோ சார்ஜ் புடிக்கும்ன்றத மைக்ரோஃபாரட்ல சொல்லுவாங்க, 4700 மைக்ரோஃபாரட் கண்டென்சர்லேந்து ஆம்ப் 1 ஆம்பியர் இழுத்தா ஒவ்வொரு இடைவெளிலயும் வோல்டேஜ் சுமாரா 2 வோல்ட் எறங்கும், அதே கண்டென்சர் பாதியா சுருங்கி போயிருந்தா 4 வோல்ட்டுக்கு மேல எறங்கும். இந்த ஏத்த எறக்கம் பாட்டுக்குள்ள கசியறதுதான் நம்ம காதுல விழுற உம்ம்.

சரி, இரும்பு மாதிரி நிக்கிற அந்த டப்பா ஏன் சுருங்குது? ஏன்னா உள்ள இருக்கறது ஈரம். ரெண்டு அலுமினிய தகடு, நடுவுல காகிதம், மூணையும் பாய் மாதிரி சுருட்டி எலக்ட்ரோலைட்னு ஒரு திரவத்துல ஊற வச்சு ரப்பர் மூடி போட்டு அடைச்சிருக்காங்க. ஒரு தகடு மேல மின்சாரத்தாலயே வளத்த அலுமினியம் ஆக்ஸைடு படலம் இருக்கு, 50 வோல்ட் கண்டென்சர்ல அது நம்ம தலமுடி தடிமன்ல ஆயிரத்துல ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். அந்த படலம்தான் ரெண்டு பக்கத்தையும் பிரிக்கிற சுவர், இன்னொரு பக்கமா நிக்கிறது உண்மையில தகடு இல்ல, அந்த திரவம். படலம் அவ்ளோ மெல்லிசா இருக்கறதாலதான் இத்துனூண்டு டப்பால அவ்ளோ சார்ஜ் அடங்குது, எனக்கு இதுல பெரிய ஆச்சரியமே இதுதான். ஆனா வருஷக்கணக்குல அந்த திரவம் ரப்பர் மூடி வழியா ஆவியா வெளிய போயிட்டே இருக்கு. திரவம் கொறஞ்சா சார்ஜ் புடிக்கிற அளவு சுருங்கும், கூடவே உள்தடையும் ஏறும், அதத்தான் ஈஎஸ்ஆர்னு சொல்றாங்க, உப்பு தண்ணில கொழாய் உள்ள அடைச்சுக்குற மாதிரி, டேங்க்ல தண்ணி இருந்தாலும் சொட்டு சொட்டாத்தான் வரும்.

இதுக்கு பெரிய எதிரி சூடு. 10 டிகிரி கொறஞ்சா ஆயுசு ரெண்டு மடங்கு, 10 டிகிரி ஏறுனா பாதி, இதுதான் எல்லாரும் போடுற கணக்கு. 85 டிகிரில 2000 மணி நேரம்னு எழுதுன கண்டென்சர் 45 டிகிரில இருந்தா 32,000 மணி நேரம் வரும், தெனமும் 4 மணி நேரம் பாட்டு கேட்டா கிட்டத்தட்ட 22 வருஷம். ஆனா நம்ம ஊரு மே மாசத்துல, சூட்ட வெளிய விடுற ஹீட் சிங்க்குன்ற அலுமினிய துண்டுக்கு பக்கத்துல உக்காந்திருக்குற கண்டென்சர் 55 டிகிரிய சாதாரணமா தொடும், அப்ப அது 11 வருஷம்தான். அதனால மாத்தும்போது 105 டிகிரி போட்டதா பாத்து வாங்குங்க.

மாமா ஏன் குண்டு பல்பு போட சொன்னாருன்றதுக்கும் பதில் அந்த படலத்துலதான் இருக்கு. வோல்டேஜ் இல்லாம வருஷக்கணக்கா கெடந்தா எலக்ட்ரோலைட்டே படலத்த கொஞ்சம் கொஞ்சமா அரிச்சுடும். திடீர்னு முழு வோல்டேஜ் ஏறுனா கரண்ட் கசிஞ்சு, சூடாகி, உள்ள கேஸ் சேந்து டப்பா உப்பும், சில சமயம் வெடிக்கவும் செய்யும். மெதுவா ஏத்துனா திரவத்துல இருக்குற ஆக்ஸிஜன எடுத்து படலம் தன்னத்தானே திரும்ப கட்டிக்கும். 60 வாட் குண்டு பல்பு சீரிஸ்ல இருந்தா ஆன் பண்ணதும் ஒரு தடவ பளிச்சுன்னு எரிஞ்சு மங்கிடணும், எரிஞ்சுட்டே இருந்தா உள்ள எங்கயோ ஷார்ட், உடனே ஆஃப் பண்ணுங்க. எல்ஈடி பல்பு இதுக்கு உதவாது, இழை சூடானா தடை ஏறுறதுதான் இங்க காவலே.

எல்லா கண்டென்சரையும் புடுங்கி மாத்துறவங்கள பாத்தா எனக்கு கோவம் வரும். மஞ்சளும் பச்சையுமா இருக்குற ஃபிலிம் கண்டென்சர், செராமிக் இதுலல்லாம் திரவமே கெடையாது, காய ஒண்ணும் இல்ல, அத விட்டுடுங்க. வால்யூம் திருகும்போது கரகரன்னு வந்தா அது கண்டென்சர் இல்ல, கடல் காத்து பட்ட வால்யூம் கன்ட்ரோல், கான்டாக்ட் கிளீனர் அடிச்சாலே போதும். பெரிய டப்பா அடில பழுப்பா ஒட்டியிருந்தா லீக்குனு நெனச்சுடாதீங்க, நெறைய நேரம் அது ஃபேக்டரில ஒட்டுன பசைதான், ஆனா பழசானா அந்த பசையும் பக்கத்து கால்கள அரிக்கும், சொரண்டி எடுத்துடறது நல்லது. பாட்டு போற வழில நிக்கிற சின்ன எலக்ட்ரோலைடிக்குங்கள மட்டும் மறக்காம பாருங்க. 47 கிலோ ஓம் தடைக்கு முன்னாடி 1 மைக்ரோஃபாரட் இருந்தா 3 ஹெர்ட்ஸ் வரைக்கும் பாஸ், அதாவது அடி சத்தம் எறங்கும், அது காஞ்சு 0.1 ஆயிட்டா 34 ஹெர்ட்ஸுக்கு கீழ தேய ஆரம்பிச்சுடும், கேக்குறவனுக்கு ஸ்பீக்கர் கெட்டுச்சுன்னு தோணும்.

மாத்தும்போது கைய விடுறதுக்கு முன்னாடி பிளக்க புடுங்கிட்டு, 1 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டர பெரிய கண்டென்சர் ரெண்டு கால்லயும் அரை நிமிஷம் வச்சு சார்ஜ எறக்குங்க, மீட்டர் வச்சு ஜீரோ பாருங்க, ஸ்க்ரூ டிரைவர்ல பொறி வர வைக்கிற பழக்கம் வேணாம். வோல்ட் அதே இல்லன்னா கூட இருக்கலாம், கொறயவே கூடாது. மைக்ரோஃபாரட் கொஞ்சம் கூடினா பரவால்ல, ஆனா ரெண்டு மூணு மடங்கு போட்டா ஆன் பண்ற நேரத்துல டயோடுங்க தாங்காம போகலாம். ரொம்ப பேரு மாட்டுறது மைனஸ் ரெயில்ல, அதாவது கிரவுண்டுக்கு கீழ மைனஸ் வோல்டேஜ் குடுக்குற பக்கத்துல, அங்க கண்டென்சரோட பிளஸ் கால் கிரவுண்டுக்கு போகும், திருப்பி போட்டா படலம் போயிடும், டப்பா உப்பிடும். அதனால கழட்டறதுக்கு முன்னாடி போன்ல நாலு பக்கமும் போட்டோ எடுத்து வச்சுக்கங்க.

எங்க ஆம்ப்ல 4700 போட்டிருந்த ரெண்டும் மீட்டர்ல 2900, 3100னு காட்டுச்சு. புதுசு ரெண்டு, சின்னது பதினாலு, ஒரு ஞாயித்துக்கெழம போயிடுச்சு. மறுபடி குண்டு பல்போட ஆன் பண்ணோம், ஸ்பீக்கர் மாட்டுறதுக்கு முன்னாடி அவுட்புட்ல டிசி, அதாவது ஸ்பீக்கருக்கு போகக்கூடாத ஒரே பக்க வோல்டேஜ், எவ்ளோன்னு பாத்தேன், ரெண்டு பக்கமும் 20 மில்லி வோல்ட்டுக்கு உள்ள. அப்பா ஸ்பீக்கர் வலைல காத வச்சு கேட்டுட்டு "ஆன் பண்ணிட்டியாடா?"ன்னாரு, சிவப்பு லைட்டு எரிஞ்சுட்டுதான் இருந்துச்சு.