எச்சிங்: பொறித்தல் அல்ல, அரித்தெடுத்தல்

மெக்சீன் என்பது சில அணுக்களே தடிப்பான, தாள்போன்ற உலோகக் காபைட்டு வகை. அதைப் பற்றித் தமிழில் வரும் குறிப்புகளில், எச்சிங் (etching) என்பதற்கு 'அமிலத்தால் பொறித்தல்' என்ற தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. அண்மையில் மட்டக்களப்பில் உயர்தர மாணவருக்குக் கொடுத்த கையேடொன்றிலும் அதையே கண்டேன். இதற்கு மேலும் பேசாதிருக்க மனம் வரவில்லை.

எச்சிங், ஜேர்மன் மொழியிலிருந்து டச்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அடிப்பொருள் 'தின்னச் செய்தல்'.

கல்லில் எழுத்தைப் பொறிக்கிறோம், தாளில் முத்திரை பொறிக்கிறோம். மேலே அடையாளம் விழும். கல் கல்லாகவே இருக்கும். மெக்சீனில் நடப்பது வேறு. 2011இல் அமெரிக்காவின் ட்ரெக்சல் பல்கலைக்கழகத்தில் தைத்தேனியம் அலுமினியம் காபைட்டுத் தூளை ஐதரோபுளோரிக் அமிலத்தில் இட்டார்கள். படைகளுக்கு நடுவே இருந்த அலுமினியத்தை மட்டும் அமிலம் தின்றது. காபைட்டு தாள்தாளாய் மிஞ்சியது. இதில் எதை எங்கே பொறித்தார்கள்? பொறித்தல் என்று படிக்கும் பிள்ளை மேற்பரப்பில் கீறல் விழுந்ததாகத்தான் நினைக்கும். உள்ளேயிருந்து ஒரு படையே போய்விட்டது என்பது அதற்கு எப்படி விளங்கும்?

'அரிப்பு' என்பாரும் உண்டு. இரும்பு துருவேறுவதும் அரிப்பு, ஒலுவில் கரையைக் கடல் கொண்டுபோவதும் அரிப்பு, தோலில் எடுக்கும் தினவும் அரிப்பு. ஒன்றை மட்டும் தெரிந்தெடுத்து நீக்குவது என்ற கருத்து அதில் இல்லை.

அரித்தெடுத்தல் என்போம். கறையான் அரிக்கிறது என்றால் தின்கிறது. உள்ளே வரிவரியாய் இருக்கும் அரிக்கன் சட்டியில் அரிசி அரிக்கும்போது கல் வரிகளில் தங்க, அரிசி தண்ணீரோடு பிரிந்து போகும். தின்பதும் பிரிப்பதும் சேர்ந்த சொல் எங்கள் குசினியிலேயே கிடக்கிறது. 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கத்தில் முன்நின்ற விபுலானந்த அடிகள் மட்டக்களப்புக்குத் தெற்கே காரைதீவில் பிறந்தவர். அந்த மண்ணில் நின்றுகொண்டு அகராதியின் முதல் சொல்லைப் பிடுங்கி ஒட்டலாமா?

இன்னொன்று, surface termination என்பதற்கு எழுதும் 'மேற்பரப்பு முடிவுறுத்தல்'. வேலை ஒப்பந்தத்தை முடிவுறுத்தலாம், அணுவை எப்படி? அலுமினியம் போன இடத்தில் ஒட்சிசன், ஐதரொட்சில், புளோரீன் வந்து ஒட்டுகின்றன. மின்கடத்தலும் நீரோடு சேரும் தன்மையும் அவற்றால் மாறுகின்றன. நையோபியம் காபைட்டு மெக்சீனின் மீகடத்துதிறன்கூட (தடையே இல்லாமல் மின்னைக் கடத்தும் தன்மை) ஒட்டியிருப்பதைப் பொறுத்து மாறுவதை 2020இல் காட்டினார்கள். மூலக்கூறின் இயல்பைத் தீர்மானிக்கும் அணுக்கூட்டத்தைத் தொழிற்பாட்டுக் கூட்டம் (functional group) என்று பாடத்தில் ஏற்கெனவே படிக்கிறோம். இதை மேற்பரப்புக் கூட்டம் என்றால் எந்தப் பிள்ளைக்கும் புரியும்.