கப் கேக்கின் மேல் போடுவதெல்லாம் வயிற்றுக்குள்ளும் போகும்

கேக் வகுப்புக்கு வருகிறவர்கள் முதல் நாளே என்னிடம் கேட்பது, "என்னென்ன வாங்கணும்?" என்றுதான். கையில் ஒரு பட்டியலும் இருக்கும். ஐசிங் பிழியும் முனைகளான நாசில் செட், கேக்கை வைத்துச் சுழற்றும் டர்ன்டேபிள், மூன்று அளவில் ஸ்பாட்டுலா, அப்புறம் பெயர்கூடச் சரியாகத் தெரியாத சில அச்சுகள். இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம் என்பேன். ஸ்பூன், முள்கரண்டி, டீ வடிகட்டி, ஜிப் வைத்த ஒரு பை. வீட்டில் பத்துப் பேருக்குக் கப் கேக் அலங்கரிக்க இவை தாராளம்.

அலங்காரத்தில் கருவி இல்லாததால் யாரும் சிரமப்பட்டு நான் பார்த்ததில்லை. மேலே எதைத் தூவுகிறோம், எதைச் செருகுகிறோம் என்பதில் கவனம் தவறியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒரு நாள் காலை, வகுப்பில் படிக்கும் ஒரு அம்மா பெட்டி நிறையக் கப் கேக் கொண்டுவந்தார். மறுநாள் மகளுக்குப் பிறந்தநாள். 24 சுட்டு, அதில் 12க்கு மட்டும் ஐசிங் போட்டு, "எப்படி இருக்கு, சொல்லுங்க மேடம்" என்று நீட்டினார். சுழி நன்றாக விழுந்திருந்தது. அதன் மேல் தங்க நிறத்தில் ஒரு மினுமினுப்பு. என்ன தூவினீர்கள் என்று கேட்டேன். பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்துக் காட்டினார். கைவினைப் பொருட்களுக்குப் பூசும் பொடி. லேபிளில் "நச்சற்றது" என்று இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன், உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியல் எங்கேயும் இல்லை.

"நச்சற்றதுன்னுதானே மேடம் போட்டிருக்கு?" என்றார். முகம் வாடிவிட்டது. அவர்மேல் தப்பே இல்லை. அந்த வார்த்தையைப் படித்தால் யாருக்குமே சாப்பிடலாம் என்றுதான் தோன்றும்.

ஆனால் அந்த வார்த்தைக்குப் பொருள் அது இல்லை. கையில் பட்டால், சொன்னபடி பயன்படுத்தினால் தீங்கில்லை என்பதோடு அது முடிந்துவிடுகிறது. உண்ணத் தகுந்தது என்பது வேறு. உண்ணத் தகுந்த பொடி என்றால் லேபிளில் அப்படியே எழுதியிருக்கும், உட்பொருட்களின் பட்டியலும் இருக்கும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் கேக் பக்கம் கொண்டுவராதீர்கள். "அலங்காரத்துக்கு மட்டும்" என்றிருந்தால் அதுவும் உணவு இல்லை.

நான் மிகைப்படுத்துவதாகத் தோன்றினால் இதைக் கேளுங்கள். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2021இல் இரண்டு சம்பவங்களை வெளியிட்டது. 2018இல் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஒரு பிறந்தநாள் விழாவில் கேக் சாப்பிட்ட ஆறு குழந்தைகளுக்கு வாந்தி. கேக்கின் மேல் தடவியிருந்த மினுமினுப்புப் பொடியைச் சோதித்தபோது அதில் இருந்தது செம்பு. 2019இல் மிசௌரி மாநிலத்தில் ஒரு வயதுக் குழந்தையின் ரத்தத்தில் ஈயம் கூடியிருந்தது. வெளியே எந்த அறிகுறியும் இல்லை. எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், பிறந்தநாள் கேக் அலங்காரத்தில் பயன்படுத்திய பொடியில் நான்கில் ஒரு பங்கு ஈயம். குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கிற பொருள் அது. வாந்தி வந்தாலாவது நமக்குத் தெரியும். ஈயம் சத்தமில்லாமல் உள்ளே தங்கிவிடும்.

அந்த 12ஐயும் வழித்தெடுத்துக் காப்பாற்றலாமா என்று அவர் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மனசு கேட்கவில்லைதான், ஆனால் வழிக்கும்போதே பொடி கேக்கில் ஈஷிக்கொள்ளும். வீட்டில் இருந்த மீதி 12ஐ எடுத்து வரச் சொன்னேன். என் நாசில் பெட்டியைத் திறக்காமல், அவர் வீட்டில் இருப்பதை மட்டும் வைத்து அன்று மதியம் முடித்தோம்.

முதலில் சூடு பார்த்தோம். கப் கேக்கின் தலை சீக்கிரம் ஆறிவிடும், அடிப்பக்கம் வெதுவெதுப்பாகவே இருக்கும். கையில் எடுத்து அடியைத் தொட்டுப் பாருங்கள். லேசாகச் சூடு இருந்தாலும் வெண்ணெய் இளகி, போட்ட சுழி பத்து நிமிடத்தில் சரிந்துவிடும். அச்சிலிருந்து எடுத்த பிறகு குறைந்தது ஒரு மணி நேரம் ஆறட்டும். கம்பி ரேக் இல்லையா, மாவு சலிக்கும் சல்லடையைக் கவிழ்த்து அதன் மேல் வையுங்கள். கீழே காற்று போனால் சரி.

அடுத்தது ஐசிங். அலங்காரத்தின் பாதி வேலை இதன் பதத்தில்தான் இருக்கிறது. உப்பில்லாத வெண்ணெய் 100 கிராம், சலித்த ஐசிங் சுகர் 200 கிராம், பால் ஒன்றிரண்டு டீஸ்பூன். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், ஆனால் வெண்ணெய் பளபளவென்று எண்ணெயாகியிருக்கக் கூடாது. அந்தப் பதத்தில் வெண்ணெயை மட்டும் முதலில் வெளுக்கும் வரை அடியுங்கள். மெஷின் இல்லாமல் மரக்கரண்டியால் அடித்தால் கை வலிக்கும், நேரமும் ஆகும், ஆனால் வரும். அப்புறம் சர்க்கரையை மூன்று தடவையாகச் சேருங்கள். கரண்டியைத் தூக்கினால் ஐசிங் கூம்பாக நின்று நுனி மட்டும் கொஞ்சம் தலை சாய வேண்டும். தளர்ந்துவிட்டால் பலர் மேலும் சர்க்கரையைக் கொட்டுகிறார்கள். வேண்டாம், தித்திப்பு திகட்டிவிடும். 10 நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்து மறுபடி அடித்தால் தானாக இறுகிவிடும்.

நான்கு கப் கேக்கை வெறும் ஸ்பூனால் முடித்தோம். ஒரு மேசைக்கரண்டி ஐசிங்கை நடுவில் வைத்து, ஸ்பூனின் முதுகை அதில் லேசாக அழுத்தி, ஸ்பூனை அசைக்காமல் கப் கேக்கை மட்டும் இடது கையால் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். சுற்று முடியும் இடத்தில் ஸ்பூனை மெல்ல மேலே எடுத்தால், ஒரு வளையமும் நடுவில் சின்னக் குழியும் நிற்கும். அந்தம்மா முதல் முறை ஸ்பூனையும் சேர்த்துச் சுற்றினார், அலை கலைந்தது. இரண்டாவதில் கை பழகிவிட்டது. கேரட் சீவும் பீலரால் சாக்லேட் கட்டியின் பக்கவாட்டை இழுத்தால் சுருள் சுருளாக வரும். குழியில் அதைப் போட்டோம்.

அடுத்த நான்கு பையால். உணவு வைப்பதற்கென்று விற்கும் ஜிப் பையை உயரமான டம்ளருக்குள் விட்டு, வாயை விளிம்பின் மேல் மடித்துவிட்டால் இரண்டு கையும் சும்மா இருக்கும். பாதி வரை மட்டும் நிரப்புங்கள். காற்றை வெளியேற்றி மேலே முறுக்கி, ஒரு மூலையில் 5 மில்லிமீட்டர் வெட்டுங்கள். சின்னதாக வெட்டினால் பிறகு பெரிதாக்கலாம், பெரிதாக வெட்டிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. நேராக வெட்டினால் உருண்டையான கோடு வரும். மூலையைத் தட்டையாக அமுக்கி அம்பு முனை போல இரண்டு பக்கமும் சாய்த்து வெட்டினால் இலை விழும். சாமான் வாங்கிவந்த மெல்லிய கேரி பை, செய்தித்தாள் கூம்பு இரண்டும் வேண்டவே வேண்டாம். வெண்ணெய் அச்சு மையை இழுத்துக்கொள்ளும்.

கடைசி நான்கும் என் கண்ணுக்கு மிக அழகாக வந்தவை, வேலையும் குறைவு. கருப்புச் சாக்லேட் 100 கிராமைப் பொடியாக நறுக்கி, அதே எடை கிரீமை ஓரத்தில் குமிழ் வரும் வரை சூடாக்கி அதன் மேல் ஊற்றி, இரண்டு நிமிடம் தொடாமல் விட்டுவிட்டு நடுவிலிருந்து கிளறினோம். விரல் பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் கப் கேக்கைத் தலைகீழாகத் தோய்த்து, லேசாகத் திருப்பி எடுத்து நிமிர்த்தினோம். மேற்பரப்பு கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அது உறைவதற்குள், கெட்டியாகக் கரைத்த ஐசிங் சுகரால் வட்டமாகப் புள்ளிகள் வைத்து, ஒரு பல்குச்சியின் நுனியைப் புள்ளிகளின் நடுவே ஒரே இழுப்பாகக் கொண்டுபோனோம். ஒவ்வொரு புள்ளியும் ஒரு குட்டி இதயமாக மாறியது. அந்தம்மா அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு எந்தத் தங்கப் பொடிக்கும் வராது.

பல்குச்சி என்றதும் ஒன்று. கோடு இழுக்க அது நல்ல கருவி. ஆனால் பொம்மையையோ காகிதக் கொடியையோ நிறுத்த அதை உடைத்துக் கேக்குக்குள் செருகாதீர்கள். குழந்தை கேக்கைப் பார்க்காமல்தான் கடிக்கும். கம்பி, ஸ்டேப்ளர் பின்னுக்கும் இதேதான்.

பூ வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு: அழகாக இருப்பதால் பூ உணவாகிவிடாது. அரளியின் எல்லாப் பாகமும் விஷம். ரோஜா இதழ் உண்ணக்கூடியதுதான், ஆனால் அலங்காரத்துக்கு விற்கும் பூவில் பூச்சிமருந்து அடித்திருக்கலாம். மருந்தில்லாமல் உணவுக்கென்றே வளர்த்தது என்று உறுதியாகத் தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

பச்சை முட்டை வெள்ளைக்கருவை அடித்துப் போடும் ஐசிங்கும் எனக்கு ஒப்பாது. சால்மொனெல்லா கிருமிக்கு அது வாசல். பாஸ்சரைஸ் செய்த, அதாவது சூடாக்கிக் கிருமி நீக்கிய வெள்ளைக்கரு கிடைத்தால் அதைப் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் வெண்ணெய் ஐசிங்கே நல்லது. பச்சை மாவைப் பனி மாதிரி தூவும் யோசனையும் கூடாது. மாவும் வேகாத பொருள்தான். பனி வேண்டுமானால் டீ வடிகட்டியில் ஐசிங் சுகர் போட்டுத் தட்டுங்கள். காகிதத்தில் நட்சத்திரம் வெட்டி மேலே பிடித்துக்கொண்டு தட்டினால் நட்சத்திரமே விழும்.

நிறத்துக்குப் பீட்ரூட் சாறு போதும், சில துளிகள். கடையில் விற்கும் உணவு வண்ணம் சேர்த்த ஐசிங் சில மணி நேரத்தில் இன்னும் அடர்ந்துவிடும், அதனால் நினைத்த நிறத்துக்கு ஒரு படி முன்னாலேயே நிறுத்துங்கள். நான்கு வயதுக்குள் குழந்தைகள் வருகிறார்கள் என்றால் கெட்டியான உருண்டை மிட்டாய், முந்திரி பாதாம் போன்ற முழுப் பருப்பு இரண்டையும் மேலே வைக்காதீர்கள், தொண்டையில் சிக்கும். யாருக்காவது பருப்பு ஒவ்வாமை உண்டா என்று அழைக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

செய்து முடித்ததை மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள். மூடாவிட்டால் கேக் காய்ந்துவிடும், ஐசிங் பக்கத்திலிருக்கும் வெங்காய வாசனையை ஏற்றுக்கொள்ளும். வெண்ணெய் ஐசிங் போட்டதைப் பரிமாற அரை மணி நேரம் முன்னால் எடுத்து, டப்பா மூடியைத் திறக்காமல் மேசையில் வையுங்கள். வியர்வை டப்பாவின் மேல் படியும், சுழியின் மேல் படியாது.