உரசுவது கீழே, குறைவது மேலே

"செவ்வாயின் காற்றில் உரசினால் விண்கலம் எரிந்துவிடாதா, சார்?" எரிபொருளை மிச்சப்படுத்த விண்கலங்கள் செவ்வாயின் காற்றில் உரசித் தம் சுற்றுப்பாதையைச் சுருக்கிக்கொள்வதைச் சொன்னபோது, டர்பனின் சாட்ஸ்வொர்த் தமிழ் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். எவ்வளவு ஆழத்தில் உரசுகிறோம் என்பதைப் பொறுத்தது அது. காற்று மிக மெலிந்திருக்கும் உயரத்தில் உரசினால் சூடு தாங்கும் அளவில் நிற்கும்.

செவ்வாயின் ஈர்ப்பில் சிக்கும் அளவுக்கு வேகத்தைக் குறைப்பது எஞ்சின்தான். ஆனால் அப்போது அமைவது நெடிய நீள்வட்டம். 2006இல் செவ்வாயை அடைந்த நாசாவின் மார்ஸ் ரிகானசன்ஸ் ஆர்பிட்டர் என்ற விண்கலத்தின் பாதையில் ஒரு முனை சில நூறு கிலோமீட்டர் உயரத்தில், மறுமுனை ஏறத்தாழ 45,000 கிலோமீட்டரில். ஒரு சுற்றுக்கு 35 மணி நேரத்துக்கு மேல்.

இனி வருவதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. ஊஞ்சலாடும் பிள்ளை, பலகை தரையை ஒட்டி வரும்போது காலை லேசாகத் தேய்க்கிறது. தேய்ப்பது கீழே, குறைவதோ மேலே எழும் உயரம். கலமும் தாழ்முனையைச் சுமார் 100 கிலோமீட்டருக்கு இறக்கி, சூரியத் தகடுகளை விரித்தபடி சில நிமிடங்கள் காற்றில் உரசிச் செல்கிறது. இழக்கும் வேகம் சொற்பம். ஆனால் அதன் விலையைத் தொலைவிலுள்ள மறுமுனை கொடுக்கிறது: அது இறங்கிவருகிறது, தாழ்முனையோ பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. 426 உரசல்கள், ஐந்து மாதங்கள். சுற்று இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கியது. மிச்சமான எரிபொருள் சுமார் 600 கிலோ!

காற்று நம் கணக்குக்குக் காத்திராது. புழுதிப் புயல் எழுந்தால் சூடேறிய காற்று பால்போலப் பொங்கும். நேற்று மெலிந்திருந்த உயரம் இன்று அடர்ந்துவிடும். அதனால் தாழ்முனையை அவ்வப்போது ஏற்றி இறக்குவார்கள். 1997இல் மார்ஸ் குளோபல் சர்வேயரின் சூரியத் தகடு ஒன்று பழுதானதால் மென்மையாகவே உரச நேர்ந்தது. வேலை 1999 வரை இழுத்தது.

1965இல் மாரினர் 4 விண்கலம் அனுப்பிய செவ்வாய்ப் படங்களை வாங்கிய நிலையங்களில் ஒன்று நம் தென்னாப்பிரிக்காவின் ஹார்ட்டபீஸ்ட்ஹூக். அந்தச் செவ்வாயைத் தோஷம் என்று சொல்லி இன்னும் பெண்களை ஒதுக்குகிறோம். எனக்கு ஆறாத வருத்தம் இது. நம் சங்கங்கள் ஆண்டுக்கு ஒரு பஸ் பிடித்துப் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லட்டும்.

கடைசி உரசலுக்குப் பின், உயர்முனையில் எஞ்சினைச் சற்றே இயக்கித் தாழ்முனையைக் காற்றுக்கு வெளியே தூக்குவார்கள். அங்கே தள்ளினால் இங்கே உயரும். அதைச் செய்யாவிட்டால் கலம் சுற்றுக்குச் சுற்று இறங்கி, அந்த மாணவி அஞ்சியபடியே எரிந்து விழும்.