டாப் என்ன படிக்கிறது?

சர்வர் திணறுகிறது என்றதும் யுனிக்ஸ் ஆட்கள் முதலில் தட்டுவது டாப் (top) என்ற கட்டளை. மேலே லோடு, அதற்குக் கீழே சிபியு, மெமரி, பிறகு ப்ராசஸ்களின், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் வரிசை. மூன்று நொடிக்கு ஒருமுறை எல்லாம் மாறும். பார்த்தால் அந்த நிரலே எல்லாவற்றையும் அளந்து சொல்வதாகத் தோன்றும். ஆனால் டாப் எதையும் அளப்பதில்லை. இயங்குதளத்தின் மையமான கர்னல் தன் வேலைக்காக வைத்திருக்கும் எண்களை இரண்டு முறை படித்து, கழித்து, வகுத்து, வரிசைப்படுத்திக் காட்டுகிறது. ப்ராசஸ்களைக் காட்டும் மற்ற கருவிகளான எச்டாப், ஏடாப், பிஎஸ் எல்லாம் அடிப்படையில் இதே எண்களைப் படிப்பவைதான். இது மனதில் பதிந்துவிட்டால், இந்தக் கருவிகளில் வரும் சிக்கல்கள் பெரும்பாலும் சில கேள்விகளில் அடங்கிவிடும். படிக்க வேண்டிய எண் எங்கே இருக்கிறது? அதைப் படிக்க எனக்கு அனுமதி உண்டா? எந்த ரீடிங்கிலிருந்து எந்த ரீடிங்கைக் கழித்தோம்?

டாப் 1984-ல் எழுதப்பட்டது. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த வில்லியம் லெஃபெவ்ர், விஎம்எஸ் இயங்குதளத்தில் சிபியுவை அதிகம் தின்னும் ப்ராசஸ்களைக் காட்டும் வசதியைப் பார்த்துவிட்டு, பிஎஸ்டி யுனிக்ஸுக்கும் அப்படி ஒன்றை எழுதினார். அந்தக் காலத்தில் கர்னலிடம் இந்த எண்களைக் கேட்டுப் பெற நேர்வழி கிடையாது. கர்னலின் நினைவகத்தையே கோப்பாகக் காட்டும் கேமெம் என்ற சாதனக் கோப்பைத் திறக்க வேண்டும். ப்ராசஸ் அட்டவணை எந்த முகவரியில் இருக்கிறது என்பதைக் கர்னல் கோப்பின் பெயர்ப்பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். பிறகு அங்கே போய் பைட் பைட்டாகப் படிக்க வேண்டும். கர்னலைப் புதுப்பித்து, அட்டவணையின் அமைப்பு சற்றே நகர்ந்தாலும் டாப் குப்பை எண்களைக் காட்டும். திரும்ப கம்பைல் செய்தால்தான் சரியாகும். அதனால்தான் பழைய டாப்பில் ஒவ்வொரு வகை இயந்திரத்துக்கும் தனித்தனி மூலக் கோப்பு இருந்தது. நிறுவும்போது உங்களுடையது எது என்று நீங்கள் சொல்ல வேண்டும். அனுமதி இன்னொரு தலைவலி. கர்னல் நினைவகத்தைப் படிக்க முடிந்தவர் அதில் இருக்கும் யாருடைய ரகசியத்தையும் படிக்கலாம். ஆகவே கேமெம் கோப்பு ஒரு தனிக் குழுவுக்கு மட்டும் திறந்திருக்கும். டாப்பை அந்தக் குழுவின் பெயரில் ஓடும்படி நிறுவ வேண்டும். இந்த அனுமதியை விட்டுவிட்டால் சாதாரணப் பயனருக்கு டாப் ஓடாது.

அதே 1984-ல் பெல் ஆய்வகத்தில் டாம் கில்லியன் வேறு விதமாக யோசித்தார். யுனிக்ஸில் எல்லாமே கோப்பு என்கிறோமே, ஓடும் ப்ராசஸும் ஏன் கோப்பாக இருக்கக்கூடாது? எட்டாம் பதிப்பு யுனிக்ஸின் ப்ராக் அடைவில் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் அதன் எண்ணையே பெயராகக் கொண்ட கோப்பு வந்தது. பிறகு பிளான் 9 இயங்குதளம் ஒவ்வொரு ப்ராசஸையும் ஓர் அடைவாக்கி, உள்ளே நாம் நேரடியாகப் படிக்கக்கூடிய எழுத்துக் கோப்புகளை வைத்தது. லினக்ஸ் பின்பற்றியது இந்த வடிவத்தைத்தான். யுனிக்ஸ் மரபில் எனக்கு மிகவும் பிடித்த யோசனைகளில் இது ஒன்று. இந்தக் கோப்புகள் வட்டில் ஒரு பைட் இடம்கூட எடுப்பதில்லை. நாம் படிக்கும் அந்தக் கணத்தில் கர்னல் எழுதித் தருகிறது. வேறு கருவியே இல்லாத சர்வரிலும் கோப்பைத் திரையில் காட்டும் கேட் (cat) கட்டளை ஒன்று இருந்தால் போதும், ஒரு ப்ராசஸின் நிலவரத்தைப் பார்த்துவிடலாம்.

ஒன்றைத் திறந்து பார்ப்போம். ப்ராசஸின் எண் 4312 என்றால், ப்ராக் அடைவுக்குள் 4312 என்ற அடைவு, அதற்குள் ஸ்டாட் என்ற கோப்பு. ஒரே வரி, ஐம்பதுக்கும் மேற்பட்ட புலங்கள். 14-வது புலம், அந்த ப்ராசஸ் தன் சொந்த நிரலை ஓட்டச் செலவழித்த சிபியு நேரம். 15-வது, அதற்காகக் கர்னல் செலவழித்த நேரம். இரண்டும் டிக் கணக்கில். வழக்கமாக நொடிக்கு 100 டிக். வீட்டு கரண்ட் மீட்டரைப் போல இந்த எண்கள் ஏறிக்கொண்டே போகும், இறங்காது. போன ரீடிங்கைக் கழித்தால்தான் இந்தமுறை எவ்வளவு ஓடியது என்று தெரியும். முதல் ரீடிங்கில் 8210, 640 என்று வைத்துக்கொள்வோம். மூன்று நொடி கழித்து 8480, 655. வித்தியாசம் 270, 15. மொத்தம் 285 டிக், அதாவது 2.85 நொடி. மூன்று நொடியில் 2.85 நொடி சிபியுவில் இருந்ததால் திரையில் 95 சதவீதம்.

டாப்பும் பிஎஸ்ஸும் ஒரே ப்ராசஸுக்கு வேறுவேறு சதவீதம் காட்டுவது ஏன் என்பது இங்கேயே விளங்கிவிடும். பிஎஸ் ஒரு முறைதான் படிக்கிறது. கழிக்க முந்தைய ரீடிங் இல்லாததால், ப்ராசஸ் பிறந்ததிலிருந்து செலவழித்த சிபியு நேரத்தை அதன் மொத்த வயதால் வகுத்துச் சொல்கிறது. பத்து நாளாகச் சும்மா கிடந்துவிட்டு இப்போதுதான் வெறிபிடித்து ஓடும் ப்ராசஸ், பிஎஸ்ஸில் ஒரு சதவீதம்கூட வராது. டாப்பை பேட்ச் முறையில் (திரையைப் பிடிக்காமல் வெறும் எழுத்தாக வெளியிடும் முறை) ஒரே சுற்று ஓட்டி லாக் எடுப்பவர்களும் இதில்தான் ஏமாறுகிறார்கள். இரண்டு சுற்று ஓட்டி, இரண்டாவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

100 சதவீதத்துக்கு மேல் போவதும் பிழையல்ல. டாப்பில் 100 என்பது ஒரு கோர். எட்டு கோர் இயந்திரத்தில் பல த்ரெட்கள் (ஒரே ப்ராசஸுக்குள் இணையாக ஓடும் இழைகள்) ஓடும் ப்ராசஸ் 800 வரை போகலாம். பெரிய எழுத்து ஐ-யைத் தட்டினால் எல்லா கோர்களுக்கும் சேர்த்து 100 என்று மாற்றிக் காட்டும்.

சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுதி ஸ்டாட் கோப்பைப் படிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இரண்டாவது புலம் ப்ராசஸின் பெயர், அடைப்புக்குறிக்குள் இருக்கும். அந்தப் பெயருக்குள் இடைவெளி வரலாம். ஒரே டெர்மினலைப் பலவாகப் பிரித்துத் தரும் டிமக்ஸ் நிரலின் சர்வர் ப்ராசஸ் பெயரிலேயே ஓர் இடைவெளி இருக்கிறது. அடைப்புக்குறிகூட வரலாம். வரியை இடைவெளியில் பிரித்து 14-வதை எடுத்தால், பெரும்பாலான ப்ராசஸ்களுக்குச் சரியாக வரும், சிலவற்றுக்கு மட்டும் பக்கத்துப் புலத்தின் எண் வந்து நிற்கும். இப்படி எப்போதாவது மட்டும் தவறும் பிழையைக் கண்டுபிடிப்பது கொடுமை. கடைசி மூடும் அடைப்புக்குறியைத் தேடி, அதன் பிறகிருந்து எண்ணத் தொடங்குவதே சரி.

நிறுவுவது இன்று எளிது. லினக்ஸில் டாப்பும் பிஎஸ்ஸும் ப்ராக்பிஎஸ் என்ற தொகுப்பில் வருகின்றன. சாதாரண நிறுவலில் ஏற்கெனவே இருக்கும். பிரேசிலைச் சேர்ந்த ஹிஷாம் முஹம்மத் 2004-ல் தொடங்கிய எச்டாப்பை டெபியன், உபுண்டு இயந்திரங்களில் ஏபிடி என்ற நிறுவும் கருவி மூலம் ஒரே கட்டளையில் நிறுவலாம். ரெட்ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் போன்றவற்றில் முதலில் எபெல் என்ற கூடுதல் தொகுப்புக் களஞ்சியத்தைச் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் தொகுப்பே கிடைக்கவில்லை என்று பதில் வரும். மூல நிரலிலிருந்து கட்டுபவர்கள் வழக்கமாக முட்டிக்கொள்ளும் இடம், டெர்மினல் திரையை வரைய உதவும் என்கர்சஸ் நூலகம். அது கணினியில் இருக்கும், ஆனாலும் தேவையானவை இருக்கின்றனவா என்று பார்க்கும் கான்ஃபிகர் கட்டம், நூலகம் இல்லை என்று சொல்லி நிற்கும். ஓடுவதற்கு வேண்டிய நூலகம் ஒரு தொகுப்பு. கம்பைல் செய்ய வேண்டிய ஹெட்டர் கோப்புகள் டெவ் அல்லது டெவெல் என்று முடியும் இன்னொரு தொகுப்பு. இரண்டாவதைப் போட்டால் தீர்ந்தது. கட்டி முடித்த பிறகும் பழைய பதிப்பே ஓடினால், பழையது இருந்த பாதையை பாஷ் ஷெல் நினைவில் வைத்திருக்கிறது. ஹாஷ் கட்டளையை ஆர் விருப்பத்துடன் கொடுத்தால் மறந்துவிடும்.

டெர்மினல் சார்ந்த சிக்கல்களுக்கும் ப்ராசஸ்களுக்கும் சம்பந்தமில்லை. அறியாத டெர்மினல் வகை என்று பிழை வந்தால், உங்கள் டெர்மினல் தன்னை ஒரு பெயரால் அறிவித்துக்கொள்கிறது, தொலைவில் இருக்கும் சர்வருக்கு அந்தப் பெயர் தெரியவில்லை என்று பொருள். புது டெர்மினல் நிரலிலிருந்து பழைய சர்வருக்கு எஸ்எஸ்எச்சில் போகும்போது இது அடிக்கடி நடக்கும். டெர்ம் (TERM) என்ற சூழல் மாறியை எக்ஸ்டெர்ம் என்று மாற்றினால் வேலை நடக்கும். குறித்த நேரத்தில் வேலைகளைத் தானே ஓட்டும் கிரானில் ஓடும் டாப்புக்கு டெர்மினலே கிடையாது. அங்கே பேட்ச் முறை கட்டாயம்.

ஒரே இயந்திரத்துக்குள் நிரல்களைத் தனியாக அடைத்து ஓட்டும் கன்டெய்னருக்குள் வேறு கதை. சிறு கன்டெய்னர் படிமங்களில் ப்ராக்பிஎஸ்ஸே இருக்காது, எனவே பிஎஸ் என்று தட்டினால் கட்டளை இல்லை என்று வரும். நிறுவிவிட்டு டாப்பை ஓட்டினால், 512 எம்பி வரம்பு வைத்த கன்டெய்னரில் 64 ஜிபி மெமரி என்று காட்டும். டாப் பொய் சொல்லவில்லை. மெமரி எண்களை அது ப்ராக் அடைவின் மெம்இன்ஃபோ கோப்பிலிருந்து எடுக்கிறது. அந்தக் கோப்பு முழு இயந்திரத்துக்கும் உரியது, கன்டெய்னரின் வரம்பு அதற்குத் தெரியாது. உண்மையான வரம்பும் செலவும், கர்னல் இந்த வரம்புகளை வைக்கும் சிகுரூப் அடைவில், இரண்டாம் பதிப்பென்றால் மெமரி.மேக்ஸ், மெமரி.கரன்ட் கோப்புகளில் இருக்கின்றன. ஓர் அடைவையே முழுக் கோப்பு அமைப்பாகக் காட்டும் சிருட்டுக்குள் போய் பிஎஸ் தட்டினால் ப்ராக்கை மவுண்ட் செய்யச் சொல்லி அதுவே கட்டளையை எழுதிக் காட்டும், அப்படியே செய்யலாம். பலர் பகிரும் சர்வரில் உங்கள் ப்ராசஸ்கள் மட்டுமே தெரிந்தால், நிர்வாகி ப்ராக்கை, பிறரின் ப்ராசஸ்களை மறைக்கும் ஹைட்பிஐடி விருப்பத்துடன் மவுண்ட் செய்திருப்பார்.

எச்டாப்பில் புதியவர்களை மிரட்டுவது த்ரெட்கள். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் இருபது வரியாகத் தெரியும், ஒவ்வொன்றும் 12 சதவீதம் மெமரி என்று நிற்கும். அவை ஒரே ப்ராசஸின் த்ரெட்கள், மெமரி ஒன்றுதான். ஷிஃப்டுடன் எச் தட்டினால் ஒரே வரியாகச் சுருங்கும். தனித்தனி ப்ராசஸ்களின் ரெஸ் எண்களை (ஒவ்வொன்றும் ரேமில் வைத்திருக்கும் அளவு)க் கூட்டினாலும் மொத்த ரேமைத் தாண்டலாம், ஏனென்றால் பகிரப்படும் பக்கங்கள் ஒவ்வொருவர் கணக்கிலும் முழுதாக ஏறுகின்றன. ஃப்ரீ குறைவாக இருக்கிறதே என்றும் பதற வேண்டாம். சும்மா இருக்கும் ரேமை லினக்ஸ் கோப்புத் தற்காலிகச் சேமிப்புக்கு எடுத்துக்கொள்ளும், கேட்டால் திருப்பித் தரும். பார்க்க வேண்டியது அவெய்லபிள் என்ற எண். அது கர்னல் 3.14-ல், 2014-ல் வந்தது.

இனி, பார்த்தவர்கள் மறக்காத சிக்கல் ஒன்று. லோடு 40 என்கிறது, சிபியுவோ சும்மா இருக்கிறது. பிஎஸ் ஏயுஎக்ஸ் என்று தட்டினால் பாதி வரிகள் வந்து அப்படியே உறைகிறது. கன்ட்ரோல் சி அழுத்தினாலும் மசியவில்லை. டாப் மட்டும் நன்றாக ஓடுகிறது.

லோடிலிருந்து தொடங்குவோம். மற்ற யுனிக்ஸ்களில் பொதுவாக லோடு என்பது ஓடுபவையும் ஓடக் காத்திருப்பவையும். லினக்ஸில் 1993 முதல் டி நிலையில், அதாவது வட்டு போன்ற ஒன்றுக்காக இடையூறு செய்ய முடியாதபடி காத்திருக்கும் ப்ராசஸ்களும் அதில் சேரும். ஆக இந்த 40 சிபியு நெருக்கடியல்ல. நாற்பது பேர் எதற்கோ காத்து நிற்கிறார்கள். பல நேரம் அது பதில் சொல்லாமல் போன ஓர் என்எஃப்எஸ் சர்வர், அதாவது நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைத் தரும் சர்வர்.

அப்படியென்றால் பிஎஸ் ஏன் உறைந்தது? டாப்புக்கு வேண்டிய ஸ்டாட் கோப்பின் எண்கள் கர்னலிடமே இருக்கின்றன, உடனே கிடைக்கும். பிஎஸ் முழுக் கட்டளை வரியையும் காட்ட விரும்புவதால் சிஎம்டிலைன் கோப்பைத் திறக்கிறது. கட்டளை வரியோ கர்னலிடம் இல்லை, அந்த ப்ராசஸின் சொந்த நினைவகத்தில் இருக்கிறது. அதை எடுக்கக் கர்னல் அந்த ப்ராசஸின் நினைவக வரைபடத்துக்குப் பூட்டு வாங்க வேண்டும். என்எஃப்எஸ்ஸுக்காகக் காத்திருக்கும் ப்ராசஸ் அந்தப் பூட்டைப் பிடித்தபடியே தூங்கினால், பிஎஸ்ஸும் அதன் பின்னால் நின்றுவிடும். டாப்பில் முழுக் கட்டளையைக் காட்டும் சி விசையைத் தட்டினால் அதுவும் சிக்கலாம்.

கட்டளை வரி கேட்காமல் பிஎஸ் -ஈ என்று தட்டினால் பட்டியல் முழுதாக வரும். பிஎஸ் ஏயுஎக்ஸ்ஸை, ஒரு நிரல் கர்னலிடம் கேட்பவற்றை வரிசையாகக் காட்டும் எஸ்ட்ரேஸின் கீழ் ஓட்டினால், கடைசி வரிகளில் எந்த எண்ணின் சிஎம்டிலைனில் நின்றது என்று தெரியும். அந்த எண்ணின் அடைவில் டபிள்யூசான் கோப்பைப் படித்தால், கர்னலின் எந்தச் செயற்கூறில் அது உறங்குகிறது என்று சொல்லும்; பெயரின் தொடக்கத்தில் ஆர்பிசி அல்லது என்எஃப்எஸ் என்று இருந்தால் குற்றவாளி கிடைத்தாயிற்று. ப்ராசஸைக் கட்டாயமாகக் கொல்லும் கில் -9 சில நேரம் உதவும், சில நேரம் உதவாது. உதவாவிட்டால், அந்த என்எஃப்எஸ் சர்வரை உயிர்ப்பிப்பது, முடியாவிட்டால் மவுண்டைக் கட்டாயமாக விடுவிப்பது, இரண்டில் ஒன்றுதான்.

ஸோம்பிகளையும் கில் -9 தொடாது, ஆனால் காரணம் வேறு: அவை ஏற்கெனவே செத்தவை. சிபியுவோ மெமரியோ தின்பதில்லை. பெற்றோர் ப்ராசஸ் முடிவுநிலையை வாங்கிக்கொள்ளும் வரை அட்டவணையில் ஒரு வரியாக நிற்கின்றன. திருத்த வேண்டியது பெற்றோரை.

கடைசியாக, டாப்பால் பார்க்கவே முடியாத ஒன்று. மேலே மொத்த சிபியு 80 சதவீதம், கீழே வரிசையில் எவரும் ஐந்தைத் தாண்டவில்லை. ஒரு ரீடிங்குக்குப் பிறகு பிறந்து அடுத்த ரீடிங்குக்கு முன் முடிந்துபோகும் ப்ராசஸ், டாப்பின் கண்ணில் படாது. அப்படி நொடிக்கு நூற்றுக்கணக்கில் பிறக்க வைக்கும் ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்று ஓடிக்கொண்டிருக்கலாம். சந்தேகத்தை உறுதி செய்ய, ப்ராக் அடைவின் நேர் கீழே இருக்கும் ஸ்டாட் கோப்பில் ப்ராசஸஸ் என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். பூட் ஆனதிலிருந்து எத்தனை ப்ராசஸ்களும் த்ரெட்களும் பிறந்தன என்ற எண் அது. பத்து நொடி விட்டு மறுபடி படித்துக் கழித்தால் பிறப்பு வேகம் தெரியும். அந்த வித்தியாசம் ஆயிரங்களில் இருந்தால் டாப்பை மூடிவிட்டு, கர்னலுக்குள்ளேயே சிறு நிரல்களை ஓட்டும் இபிபிஎஃப் வழியாக வேலை செய்யும் எக்ஸெக்ஸ்னூப் என்ற கருவியை ரூட்டாக, அதாவது நிர்வாகியாக ஓட்டுங்கள். புதிதாக இயக்கப்படும் ஒவ்வொரு நிரலையும் இயக்கப்படும் கணத்திலேயே, பெற்றோர் எண்ணோடு சேர்த்து, ஒரு வரியாகக் காட்டிவிடும். திரும்பத் திரும்ப வரும் பெற்றோர் எண் எதுவோ, நீங்கள் தேடும் ஸ்கிரிப்ட் அதுதான்.